கூப்பிட்டால் ஓடி வருகிற அப்பா

எனக்கு இலங்கை வெளிநாடு. இதை வாய்விட்டுச் சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "சொந்த மண்ணுக்கு வந்திருக்கிறியள், வெளிநாடு எண்டு சொல்லாதை பிள்ளை" என்று தபால் கந்தோரில் ஒருவர் என்னைத் திருத்தினார். அவருக்கு நல்ல மனதுதான். ஆனால் நான் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். பதினெட்டு வயதுவரை நான் பார்த்த கடல், படித்த பள்ளிக்கூடம், சண்டை பிடித்த குழாயடி எல்லாம் அங்கேதான். கனடாவுக்குப் போனவர்கள் பனியில் வழுக்கி விழுந்த கதையையும் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்களிடமும் அப்படிக் கதைகள் இருக்கின்றன. நாங்கள் வழுக்கியது வன்னியில், அவ்வளவுதான் வித்தியாசம்.

முகாமில் அடம்பிடிக்கிற குழந்தைகளை மிரட்டுவதற்குத் தாய்மாரிடம் ஒரு வசனம் இருந்தது: "சிலோனுக்கு அனுப்பிப்போடுவன்." பேயும் பூச்சாண்டியும் அதற்கு அடுத்த வரிசைதான். ஆகவே அப்பா ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே "ஊருக்குப் போவம்" என்றபோது, நான் என்ன குற்றம் செய்தேன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அம்மா எழுந்து போய் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களைத் திரும்பவும் கழுவினாள்.

அப்பா பத்து வயதில் படகேறியவர். அம்மா மூன்று வயதில். "திரும்பிப் போறம்" என்று அப்பா சொல்லலாம், அம்மாவால் சொல்ல முடியாது. அவளுக்கு அந்த ஊரில் ஒரு மரத்தைக்கூடத் தெரியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வவுனியாவில் பஸ் மாறி, ஓமந்தையைத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. மாங்குளத்தில் இறங்கி மல்லாவிப் பாதையில் உள்ளே போனால் அப்பாவின் அப்பாவுக்கு, என் அப்பப்பாவுக்கு, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணி. மூன்று பேர், நான்கு பைகள், ஒரு தகரக் கொட்டில், ஒரு கிணறு. அப்படித்தான் தொடங்கினோம்.

அப்பாவைப் பற்றி ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். அவர் கூப்பிட்டால் ஓடி வருவார். நடந்து வரமாட்டார், ஓடித்தான் வருவார். முகாமில் மாதம் ஒருமுறை அதிகாரிகள் வந்து தலையெண்ணுவார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொன்னதும் குடும்பம் முழுவதும் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒரு தலை குறைந்தால் விசாரணை, அலைச்சல், கெஞ்சல். அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போவார். ஒருமுறை எண்ணுகிற நாள் திடீரென்று மாறியது. ஏணியிலிருந்து குதித்து, பச்சைப் பெயின்ட் வழிகிற கையோடு பஸ்ஸில் ஏறி, முகாம் வாசலிலிருந்து மேசைவரைக்கும் அவர் ஓடி வந்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாக்கள் என்றால் இப்படித்தான் ஓடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

வன்னிக்கு வந்த முதல் கிழமை, ஒரு பின்னேரம், அப்பா கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றார். தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. சொல் ஒன்றும் இல்லாத ஒரு மெட்டு, திரும்பத் திரும்ப அதே மெட்டு, எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"பதிவுக்கு வருகினம்! பையை எடு, பையை எடு!"

பத்திரங்கள் இருந்த பையை அம்மா தூக்கினாள். நான் சீப்பைக் கீழே போட்டேன். மூன்று பேரும் குறுகிய ஒழுங்கையால் ஓடிப் போய்ப் பாதையோரத்தில் வரிசையாக நின்றோம், அப்பா முன்னால், காதில் நுரையோடு. வந்தது ஒரு ஆட்டோ. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. ஆட்டோக்காரர் நிறுத்தி, எங்களை மேலும் கீழும் பார்த்து, பெட்டியைத் திறந்தார்.

"எத்தினை?"

"மூண்டு பேர் ஐயா. எல்லாரும் நிக்கிறம்" என்றார் அப்பா.

அவர் மூன்று பாண் தந்தார். நாங்கள் பிரெட் என்பது இங்கே பாண். இங்கே பாண் விற்கிறவர்கள் இப்படிப் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாள் பாண் தின்றோம். கதை எங்களுக்கு முன்பே கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சீனி வாங்கப் போனால், "என்ன, எல்லாரும் நிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். பிறகு அவருக்கு அந்தப் பாணே பிடித்துப்போனது. பின்னேரத் தேத்தண்ணிக்கு அதில்லாமல் முடியாது. பாட்டுக் கேட்டால் எந்த வேலையில் நின்றாலும் போட்டுவிட்டு ஓடி வருவார். முன்பு பயத்தில் ஓடியவர் பிறகு ஆசையில் ஓடினார். கால்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஊர் அலுவல் பார்க்கிற அரசாங்க அதிகாரியை இங்கே விதானையார் என்பார்கள், அவர் வீட்டிலும் ஒரு கூத்து நடந்தது. வவுனியாவுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். முகாமில் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் வெளியூர் போய்ப் பழக்கம், ஆகவே அப்பா விடியவே விதானையார் வீட்டு வாசலில் போய் நின்றார். "ஐயா, நாளைக்கு வவுனியா போகவேணும். பின்னேரம் ஆறு மணிக்கு முன்னம் வந்திடுவம்." விதானையார் பல்தூரிகையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அதுக்கு நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டார். அனுமதி தர வேண்டும் என்றார் அப்பா. "நீங்கள் எங்கை வேணுமெண்டாலும் போங்கோ, எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ" என்றார் அவர். அப்பா சந்தோஷமாக வருவார் என்று பார்த்தால், முகம் வெளிறித் திரும்பி வந்தார். "ஒண்டும் எழுதித் தரேல்லை. நாளைக்கு ஆரும் கேட்டால் என்னத்தைக் காட்டுறது?" மறுநாள் நாங்கள் வவுனியா போகவில்லை.

அம்மாவின் பயம் வேறு மாதிரி. முகாமில் சுவருக்குச் சுவர் ஆட்கள். பக்கத்து அறையில் ஒருவர் தும்மினால் எங்கள் வீட்டில் "நூறு" என்று வாழ்த்துவோம். இங்கே பக்கத்துக் காணி வீடு கூப்பிடுகிற தூரத்தில்தான், ஆனால் மரங்களுக்குள். பின்னால் ஒரே பற்றைக்காடு. அம்மா பாம்புக்குப் பயந்தாள். யானைக்குப் பயந்தாள். யானையைக் கலைக்க யாராவது வெடி கொளுத்தினால், பையை மடியில் வைத்துக்கொண்டு குசினி மூலையில் குந்திவிடுவாள். ராணுவத்தின் பச்சை வாகனங்கள் பாதையில் போனால் பயந்தாள். ஒன்றுமே போகாவிட்டால் அதற்கும் பயந்தாள். எனக்கு எரிச்சலாக வரும். "எதுக்குத்தான்மா நீ பயப்பட மாட்ட?" என்று கத்தியிருக்கிறேன். கத்தும்போதே எனக்கும் உள்ளங்கை வியர்த்திருக்கும்.

மிதிவெடிக்கும் பயந்தோம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பாதையில் கொஞ்ச தூரம் தள்ளி, மண்டையோடு போட்ட ஒரு தகரப் பலகை துருவேறி நின்றது. அதைக் கடக்கும்போது அம்மா என்னை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவாள். அப்பா அரசாங்க அலுவலகத்தில் விசாரித்தும் வந்தார். "உங்கட காணி துப்புரவாக்கியாச்சு" என்று சொன்னார்களாம். அப்பாவுக்குக் காணி என்றால் பின்னாலுள்ள காடும் சேர்த்திதான். சின்ன வயதில் பாலைப்பழம் பொறுக்கிய காடு அல்லவா? அத்தோடு பலகை அங்கே நின்றது. அது நிற்காத இடமெல்லாம் நல்ல இடம் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

அந்தப் பயங்களுக்கு நடுவில் அம்மாவுக்கு ஒரேயொரு ஏக்கம் இருந்தது. முகாமின் பின்னால் வேப்பமரத்தடியில் கன்னிமார் இருந்தார்கள். ஏழு கற்கள், ஒரே வரிசையில், தலையில் சிவப்பு. அங்கே வயல் வரப்பிலும் குளக்கரையிலும் எங்கே பார்த்தாலும் அப்படி ஏழு கல் இருக்கும். கோயிலுக்கு உள்ளே விடுகிறார்களோ இல்லையோ, கன்னிமாரிடம் போக யாருடைய தயவும் தேவையில்லை. அம்மா தன் கல்யாணத்துக்கும் அங்கேதான் வேண்டினாள், என் காய்ச்சலுக்கும் அங்கேதான் வேண்டினாள். புறப்படுகிற அன்று அந்தக் கற்களைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மாரி மழை விட்டபிறகு ஒருநாள், காணாமல்போன கோழியைத் தேடிக்கொண்டு அம்மா காணியின் பின் எல்லைக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்று என்னைக் கூப்பிட்டாள். குரலில் பயம் இல்லை. அவள் குரலில் பயம் இல்லாததைக் கேட்டே நான் ஓடினேன்.

புல்லுக்குள் ஒரு கல். தேங்காயளவு. தலையில் சிவப்பு. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்குத் தள்ளி மற்றொன்று. நேர் வரிசை.

"பாத்தியே? எங்களுக்கு முன்னமே வந்திருந்திருக்கிறாளவை" என்றாள் அம்மா. கண்ணால் நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா வந்து குனிந்து ஒரு கல்லை விரலால் சுரண்டிப் பார்த்தார். இருபது வருடம் பெயின்டோடு கிடந்தவர். "நல்ல எனாமல். வெயிலுக்கும் மங்கேல்லை. ஆரோ நேர்த்திக்கு அடிச்சிருக்கினம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வேறு எப்படித் தெரியும்? சிவப்புத் தலையோடு ஒரு வரிசைக் கல்லைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தான் எங்களுக்குத் தெரியும்.

மாடு மிதிக்கிற இடத்தில், மனிதர் ஒதுங்குகிற பற்றைக்குள் தெய்வம் கிடக்கக்கூடாது என்றாள் அம்மா. வரிசை பற்றைக்குள் நீண்டு போனது. நாங்கள் ஏழு கற்களை மட்டும் எடுத்தோம். அப்பா பெயர்த்துத் தந்தார், நான் உரப் பையில் சுமந்தேன். ஒரு கல் மண்ணில் நன்றாக இறுகிக் கிடந்தது. நான் மற்றப் பக்கம் சுற்றிப் போய், காலை அகட்டி ஊன்றிக்கொண்டு அதைத் தள்ளினேன். வீட்டுக்குப் பக்கத்து வேம்படியில் அம்மா அவற்றைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வரிசையாக இருத்தினாள். ஒரு சின்ன மணியும் கட்டினாள். அன்றிலிருந்து அவள் கொஞ்சம் நிம்மதியானாள். பச்சை வாகனம் போனால்கூட நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குத் தைரியம் வந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

வேலியில்லாத காணிக்குள் மாடுகள் வந்து கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போயின. அப்பா வேலியடைக்க முடிவு செய்தார். அதற்கு முள்ளுக் கிளைகளும் தடிகளும் வேண்டும், அலம்பல் என்பார்கள் இங்கே. பின்னால் காடு நிறையக் கிடந்தது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காட்டுக்கத்தியோடு உள்ளே போவார். வெட்டிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார். போய்ப் போய் அவர் காலுக்கு ஒரு தடம் விழுந்துவிட்டது. கன்னிமார் கிடந்த இடத்தைத் தாண்டித்தான் அந்தத் தடம் போனது.

பக்கத்துக் காணி மாமி அப்போது ஊரில் இல்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஓமந்தைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மணிச் சத்தம் கேட்டு, "கோயில் வைச்சிருக்கிறியளாம்" என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதன்முதலாக ஓர் அயலவர் எங்கள் சாமியைக் கும்பிட வந்திருக்கிறார்.

மாமி செருப்பைக் கழற்றிவிட்டு வேம்படிக்கு வந்தார். பழத்தை வைக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு சேலைத் தலைப்பால் ஒரு கல்லின் மஞ்சளைத் துடைத்தார். சிவப்பு தெரிந்தது.

"தங்கச்சி, இதுகளை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

அம்மா பெருமையாகப் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

"ஐயோ. இது சாமியில்லையடி. மிதிவெடிக்கு வைச்ச அடையாளம். முதல்லை கட்டைதான் நட்டவை, கறையான் தின்னுது எண்டு பிறகு கல்லுக்குச் சிவப்பு அடிச்சு வைச்சவை. அந்தக் கல்லுக்கு அங்காலை ஒருத்தரும் கால் வைக்கிறேல்லை. என்ரை நாம்பன் மாட்டுக்கண்டு அங்கைதான் வெடியை மிதிச்சுச் செத்தது."

அம்மா சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். காது கேட்டது மனதுக்குப் போய்ச் சேருவதற்குள் முகம் பழைய சிரிப்பிலேயே நின்றுவிட்டது. எனக்கு உள்ளங்கால் இரண்டும் கூசின. காலை அகட்டி ஊன்றித் தள்ளிய அந்தக் கல் எது என்று வரிசையில் தேடினேன். மூன்றாவதோ நான்காவதோ. எல்லாவற்றிலும் ஒரேமாதிரிப் பொட்டு.

அப்போது பின்னால் காட்டுக்குள்ளிருந்து கேட்டது. டக். டக். டக்.

"ஆரது வெட்டுறது?" என்றார் மாமி.

அம்மா வாயைத் திறந்தாள். அப்பாவை அவள் கூப்பிடுகிற "இஞ்சாருங்கோ"வில் "இஞ்சா" என்ற பாதிச் சொல் வெளியே வருவதற்குள் மாமி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார்.

"கூப்பிடாதை! கூப்பிட்டால் உன்ரை மனுசன் ஓடி வரும். போன வழியைப் பாக்காது. சத்தம் வந்த பக்கம் நேர ஓடி வரும். பாணுக்கு ஓடி வந்த மனுசனல்லோ?"

ஊர் சிரித்த அந்தக் கதை இப்படி ஒரு நேரத்தில் வந்து கைகொடுக்கும் என்று யார் நினைத்தார்? மாமி அம்மாவின் வாயிலிருந்து கையை எடுக்காமலே, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். தடம் இருக்கிறதா, ஒரே தடத்தாலா போய் வருகிறார், எத்தனை நாளாக? நான் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். "அப்ப அந்தத் தடத்தாலையே வரட்டும். தன்ரை பாட்டிலை வரட்டும். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வெட்டும் கேட்கும்போது மூச்சு வந்தது. இரண்டு வெட்டுக்கு நடுவில் நின்றது. வெட்டுச் சத்தம் நின்றால் அவர் நடக்கிறார் என்று அர்த்தம். அடுத்த தடியைத் தேடி இடப்பக்கம் ஓர் எட்டு வைக்கிறாரா, வலப்பக்கம் வைக்கிறாரா? திரும்பவும் டக் கேட்கும். நான் என்னையறியாமல் கன்னிமாரைக் கும்பிட்டேன். கும்பிட்ட பிறகுதான், யாரைக் கும்பிடுகிறேன் என்பது உறைத்தது. அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. மஞ்சள் பூசிய முகத்தோடு ஏழும் பேசாமல் இருந்தன.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எங்கோ, மிகத் தூரத்தில், அந்த மெட்டுக் கேட்டது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் ஓடினேன்.

முகாமில் அப்பா ஓடியதைப் பார்த்துச் சிரித்தவள் நான். அன்று நான் அவரைவிட வேகமாக ஓடியிருப்பேன். ஒழுங்கையில் செருப்பு ஒன்று கழன்றது. மற்றதை நானே உதறினேன். பாதைக்கு வந்தபோது பாண்காரரின் ஆட்டோ வளைவில் தெரிந்தது. மெட்டு இன்னும் சின்னதாகத்தான் கேட்டது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதை நோக்கி ஓடினேன். அவர் என்னைக் கண்டு சிரித்தார். பாண் தீர்ந்துவிடும் என்று ஓடி வருகிறேன் என நினைத்திருப்பார். அந்தச் சந்தோஷத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"நிப்பாட்டுங்க! பாட்ட நிப்பாட்டுங்க!" என்று கத்தினேனா, அல்லது கத்தியதாக நினைத்தேனா, தெரியவில்லை. தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. ஆட்டோவுக்குள் கையைவிட்டு பாட்டுப் போடுகிற சின்னப் பெட்டியைப் பிடுங்கினேன். வயர் அறுந்து என் கையோடு வந்தது. மெட்டு நடுவிலே நின்றது.

"விசரே பிள்ளை உனக்கு?"

"அப்பா உள்ள நிக்கிறார்" என்றேன். "மிதிவெடிக்குள்ள நிக்கிறார். பாட்டுக் கேட்டா ஓடி வருவார்."

அந்த மனிதர் வேறொன்றும் கேட்கவில்லை. இன்ஜினையும் நிறுத்தினார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார்.

நான் திரும்பி நடந்தேன். ஓடப் பயமாக இருந்தது, என் காலடிச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று தோன்றியது. வேம்படிக்கு வந்தபோது அம்மா எழுந்து நின்றாள். மாமியின் கை அவள் தோளில் இருந்தது. வெட்டுச் சத்தம் இல்லை.

"எப்ப நின்னது?" என்று கேட்டேன்.

மாமியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பாட்டைக் கேட்டுவிட்டாரா? கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருக்கிறாரா? அல்லது தடிகளைக் கட்டுகிறாரா? கட்டும்போது சத்தம் வராது. கட்டுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? எனக்கு அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. காதில் நுரையோடு பாதையில் நின்ற முகம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு குருவி கத்தியது. அதை அடித்துக் கொல்லலாம் போல இருந்தது.

பற்றை அசைந்தது. முதலில் அலம்பல் கட்டுத் தெரிந்தது. பிறகு அதற்குக் கீழே சாரத்தை மடித்துக் கட்டிய இரண்டு கால்கள். கட்டு நல்ல அகலம், தடத்தைத் தவிர வேறெங்காலும் அதைக் கொண்டு நுழைய முடியாது. தலைச்சுமை அவரைத் தடத்திலேயே வைத்திருந்தது. ஓர் எட்டு. இன்னோர் எட்டு. கன்னிமார் கிடந்த குழியைத் தாண்டினார். எங்கள் காணிக்குள் வந்தார். கட்டைக் கீழே போட்டார்.

"பாண்காரன் வந்தமாதிரிக் கிடந்துது, சத்தம் பாதியிலை நிண்டுபோச்சு" என்றார். எங்களைப் பார்த்தார். "என்ன, செத்த வீடு மாதிரி நிக்கிறியள்?"

அவர் இடுப்பைத் தடவினார். "சீ, கத்தியை அங்கையே விட்டிட்டன்" என்றபடி திரும்பினார். திரும்பி, வழக்கம்போல ஓட எத்தனித்தார்.

அம்மா எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் முன்னால் அப்பாவின் பக்கத்தில்கூட நிற்காதவள். பாய்ந்து விழுந்து அவர் சாரத்தைப் பிடித்தாள். சாரம் அவிழ்ந்து அவள் கையோடு வந்துவிட்டது. அப்பா காற்சட்டையோடு மாமிக்கு முன்னால் கூனிக்குறுகி நின்றார். "என்னப்பா இது? விசரா உனக்கு?" என்று அவர் கத்தக் கத்த, அம்மா அவருடைய இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தாள். விடவில்லை. நான்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது அப்பா அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். சாரத்தைக் கேட்கவும் இல்லை. தன் உள்ளங்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்காரர் அன்று தொலைபேசியில் யாரையோ பிடித்துச் சொல்ல, மறுநாளே மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். முகத்துக்குக் கண்ணாடி மூடி போட்ட பெண்களும் இருந்தார்கள், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். கல் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டார்கள். கற்கள் கிடந்த பள்ளங்களை எங்கள் காணிக்குள் நின்றுகொண்டே நான் கையால் காட்டினேன். அம்மா வெளியே வரவே இல்லை. திட்டுவார்கள் என்று பயந்திருந்தோம். திட்டவில்லை. கற்களைத் திருப்பி எடுத்துப் போகும்போது ஒரு பிள்ளை மட்டும் மஞ்சளையும் குங்குமத்தையும் துடைக்காமல், தன் கையுறையைக் கழற்றிவிட்டு, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர்கள் வேலை முடிக்க நாட்கள் எடுத்தன. ஒருநாள் அந்தப் பிள்ளையே அப்பாவின் காட்டுக்கத்தியைக் கொண்டுவந்து தந்தாள். தடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒன்று இருந்ததாம். கத்தி கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. "ஐயா நல்ல கவனமா நடந்திருக்கிறார்" என்றாள். அப்பா கவனமாக நடக்கவில்லை என்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

காப்பாற்றியது கன்னிமார்தான் என்கிறாள் அம்மா. வெறும் வேம்படியில் இன்னும் கற்பூரம் கொளுத்துகிறாள். எனக்கு அந்த ஏழு பேரோடும் இன்னும் கோபம் தீரவில்லை, ஆனால் கற்பூரம் முடிந்தால் கடையில் வாங்கிக் கொடுப்பது நான்தான். பாண்காரருக்குப் புது வயர் வாங்கிக் கொடுத்தோம். கடையில் இப்போது யாரும் "எல்லாரும் நிக்கிறியளோ?" என்று கேட்பதில்லை. கேட்கலாம், சிரிக்கலாம் என்றுதான் எனக்கு இருக்கிறது.

அந்த மெட்டு இன்றைக்கும் பின்னேரங்களில் வருகிறது. அப்பாவுக்குப் பாண் ஆசை போகவில்லை. கிணற்றடியில் நிற்பார், அல்லது கீரைப் பாத்தியில் குனிந்து நிற்பார். பாட்டுக் கேட்டதும் நிமிர்வார். ஒரு கால் எழும். பிறகு அதை எழுப்பிய இடத்திலேயே திரும்ப வைப்பார். நான் வாசலில் வந்து "அப்பா" என்று கூப்பிட்டாலும் அப்படித்தான். எங்கள் சொந்தக் காணியில், தினமும் கூட்டுகிற முற்றத்தில், அசையாமல் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்பார்:

"வரலாமா?"